வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்து

2006 பிப்ரவரியில் பிஎம்டபிள்யூ கார் நிறுவனத்தின் ஜெர்மானிய இணையதளம் கூகுளிலிருந்து காணாமல் போனது. தளம் இருந்த இடத்தில்தான் இருந்தது. முகவரியைத் தட்டினால் திறந்தது. கூகுளில் தேடினால் மட்டும் இல்லை. யாரும் ஹேக் பண்ணவில்லை, கூகுளே தூக்கிவிட்டது. காரணத்தை கூகுளின் குப்பைத் தடுப்பு அணிக்குத் தலைவராக இருந்த மேட் கட்ஸ் தன் வலைப்பதிவில் வெளிப்படையாகவே எழுதினார். அந்தத் தளத்தின் சில பக்கங்களுக்கு இரண்டு முகங்கள் இருந்தன. கூகுளின் நிரல் வந்து பார்த்தால், ‘பழைய கார்’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல் திரும்பத் திரும்ப வருகிற ஒரு பத்தி. மனிதர் வந்து பார்த்தால், கண் இமைப்பதற்குள் அழகான கார்ப் படங்கள் இருக்கும் வேறு பக்கம். நிரலுக்கு ஒரு வேடம், நமக்கு ஒரு வேடம். சில நாட்களில் அந்தப் பக்கங்களை நீக்கியதும் தளம் மறுபடி சேர்க்கப்பட்டது.

உலகத்துக்கே பேர் தெரிந்த ஒரு கம்பெனி. அதற்கு எதற்கு இந்தத் திருட்டு வேலை? பெயர் தெரிந்தவர்கள் பெயரைத் தட்டி வந்துவிடுவார்கள். பெயரைத் தட்டாமல் ‘பழைய கார்’ என்று மட்டும் தட்டுகிறவர்களும் இருக்கிறார்களே, அவர்கள் கண்ணில் பட வேண்டும். பிஎம்டபிள்யூவுக்கே இந்தப் பதற்றம் இருந்தது என்றால் மற்றவர்கள் எவ்வளவு தூரம் போயிருப்பார்கள்?

‘எஸ்இஓ’ என்று சொல்லப்படுகிற தொழிலின் கதை இது. தேடுபொறியின் கண்ணில் நன்றாகப் படும்படி ஒரு பக்கத்தை அமைப்பது எப்படி என்கிற வேலை. கேட்டால் மார்க்கெட்டிங் ஆட்களின் சமாச்சாரம் போலத் தெரியும். ஆனால் இன்று இணையத்தில் ஒரு கதையோ கட்டுரையோ எழுதுகிற எல்லோருடைய வாக்கியத்துக்குள்ளும் இந்த முப்பது வருடக் கதை ஏதோ ஒரு வகையில் நுழைந்திருக்கிறது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு அத்தியாயமும் உண்டு.

பட்டியல் போட்ட காலம்

முதலில் தேடுவதற்கே எதுவும் இல்லை. 1991இல் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வகத்திலிருந்து டிம் பெர்னர்ஸ்-லீ வலையை வெளியே விட்டபோது, உலகத்தில் இருக்கும் வலை சர்வர்களின் பட்டியலைக் கையாலேயே பராமரிக்க முடிந்தது. புதிதாக ஒன்று வந்தால் ஒரு வரி சேர்ப்பார்கள், அவ்வளவுதான். அதற்கு ஒரு வருடம் முன்பே, 1990இல், மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் என்ற பார்படோஸ் நாட்டு மாணவர் ‘ஆர்ச்சி’ என்று ஒரு நிரல் செய்திருந்தார். அது கோப்புகளின் பெயர்களைத் தேடும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

1994இல் ஸ்டான்ஃபோர்டில் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இரண்டு மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த தளங்களை வகைபிரித்து ஒரு பட்டியல் போட ஆரம்பித்தார்கள். அதுதான் யாஹூ ஆனது. யாஹூவின் அடைவில் உங்கள் தளம் வர வேண்டும் என்றால் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனிதர் வந்து பார்த்து, எந்த வகையில் சேர்க்கலாம் என்று முடிவு செய்வார். ஒரு நூலகரைப் போல. அந்த வகைக்குள்ளே தளங்கள் அகர வரிசையில் நிற்கும். உடனே என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஆங்கிலத்தின் முதல் எழுத்தில் தொடங்கும் பெயர்களுக்குத் திடீர் மவுசு வந்தது. தொலைபேசிக் கையேட்டின் மஞ்சள் பக்கங்களில் கடைக்காரர்கள் ‘ஏ ஒன்’, ‘ஏஏஏ’ என்று பெயர் வைத்துக்கொண்ட அதே பழைய வித்தை.

இந்தச் சின்ன விஷயத்திலேயே முழுக் கதையும் இருக்கிறது. எந்த அளவுகோலை வைத்து வரிசை போட்டாலும், அந்த அளவுகோல் தெரிந்த மறுநாளே ஜனங்கள் அதற்கேற்ப நிற்க ஆரம்பித்துவிடுவார்கள். பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒரு விஷயத்தைப் பிறகு எல்லாவற்றுக்கும் பொருத்திப் பார்த்தார்கள்: ஒரு அளவை இலக்காக மாறிவிட்டால் அது நல்ல அளவையாக இருப்பதில்லை. தேடுபொறிகளின் வரலாறு இந்த ஒரு வரிக்கு எழுதப்பட்ட நீண்ட உரை போலத்தான் இருக்கிறது.

எண்ணத் தெரிந்த இயந்திரம்

வலை வேகமாகப் பெருகியது. மனிதர்கள் பார்த்துப் பட்டியல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. 1994இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரையன் பிங்கர்டன் செய்த வெப்கிராலர், பக்கத்தின் தலைப்பை மட்டுமல்லாமல் முழு உரையையும் தேட வைத்தது. 1995 டிசம்பரில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் ஆல்டாவிஸ்டாவைத் திறந்தது. லட்சக்கணக்கான பக்கங்களில் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் நொடியில் தேடலாம் என்பது அன்றைக்கு மாயாஜாலம்.

சரி, ஒரு சொல் பத்தாயிரம் பக்கங்களில் இருந்தால் எதை முதலில் காட்டுவது? இதற்கான கணக்கு வலை வருவதற்கு முன்பே தயாராக இருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் சால்டன் 1960களிலிருந்து ஆவணங்களைக் கணினியால் தேடுவது பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். கேம்பிரிட்ஜில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் எளிமையானது. எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். தமிழில் யோசித்துப் பாருங்கள். ‘ஒரு’, ‘என்று’, ‘இருந்தது’ இல்லாத பக்கமே கிடையாது. ‘கமலை’ என்ற சொல் வந்தால் அந்தப் பக்கம் கிணற்றையும் மாட்டையும் பற்றிப் பேசுகிறது என்று அடித்துச் சொல்லலாம். அந்த அரிய சொல் ஒரு பக்கத்தில் பல முறை வந்தால், அந்தப் பக்கம் அதைப் பற்றியதுதான்.

நூலகத்துக்கு இது அருமையான யோசனை. ஏனென்றால் நூலகத்தில் இருக்கும் புத்தகங்களை எழுதியவர்கள் யாரும் இந்தக் கணக்கை மனதில் வைத்து எழுதவில்லை. வலையில் இருந்தவர்களுக்குக் கணக்கு தெரிந்துவிட்டது. சொல்லை எண்ணுகிறார்களா? அப்போ சொல்லைக் கொட்டுவோம். பக்கத்தின் அடியில் ஒரே சொல்லை நூறு தடவை எழுதினார்கள். படிக்க அசிங்கமாக இருக்கிறதே? வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுதினார்கள். நம் கண்ணுக்கு வெற்றிடம், இயந்திரத்துக்குச் சொற்குவியல். மவுஸை அழுத்தி இழுத்தால் மட்டும் அந்த மறைந்த எழுத்துகள் நீல நிறத்தில் எழுந்து வரும்.

பக்கத்தின் முகப்பில், திரையில் தெரியாத நிரல் வரிகளில், ‘இந்தப் பக்கத்தின் முக்கியச் சொற்கள் இவை’ என்று நாமே எழுதி வைக்கும் மெட்டா குறிச்சொல் என்று ஒன்றும் இருந்தது. நல்லெண்ணத்தில் வந்த ஏற்பாடு. உன் பக்கம் எதைப் பற்றியது என்று நீயே சொல் என்றார்கள். எழுதினவர்கள் போட்டியாளரின் பெயரை எழுதினார்கள், நடிகைகளின் பெயரை எழுதினார்கள், அன்றைக்கு ஊரில் எது பேச்சோ அதை எழுதினார்கள். 2009 செப்டம்பரில், வலைத் தேடலின் வரிசைக்கு அந்தக் குறிச்சொல்லைத் தாங்கள் பார்ப்பதே இல்லை என்று கூகுள் அறிவித்தது. ஆனாலும் அதற்குப் பிறகும் பல வருடங்கள், அதை நிரப்பித் தருவதற்கென்று காசு வாங்கியவர்கள் இருந்தார்கள்.

விளைவு என்ன? லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் ஒரு வேடிக்கையான தகவல் வருகிறது. 1997 நவம்பரில், முன்னணியில் இருந்த நான்கு வணிகத் தேடுபொறிகளில், தன் பெயரைத் தன்னிடமே தேடினால் முதல் பத்து விடைகளுக்குள் தன்னைக் காட்டியது ஒன்றுதான். மற்ற மூன்றுக்கும் தங்கள் வீடு எதுவென்றே தெரியவில்லை.

பரிந்துரை என்கிற நாணயம்

பேஜ், பிரின் இருவரும் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள். அவர்கள் பார்த்த கோணம் வேறு. ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதை நம்ப வேண்டாம், மற்றவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று பார்ப்போம் என்றார்கள். இன்னொருவர் தன் பக்கத்திலிருந்து உங்கள் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அது ஒரு பரிந்துரை. நிறையப் பேர் பரிந்துரைக்கிற பக்கத்தின் பரிந்துரைக்கு எடை அதிகம். அறிவியல் கட்டுரைகளில் யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று யூஜீன் கார்ஃபீல்ட் 1960களிலேயே அட்டவணை போட்டிருந்தார். அந்த மரபின் வலை வடிவம்தான் பேஜ்ரேங்க்.

அவர்கள் இதை விளக்கிய விதம் அழகானது. ஒருத்தன் வேலைவெட்டி இல்லாமல் லிங்க்குகளைக் க்ளிக் செய்துகொண்டே போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது சலித்துப்போய் ஏதோ ஒரு புதிய பக்கத்துக்குத் தாவுகிறான். இப்படி அவன் முடிவில்லாமல் அலைந்தால் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்பான்? அதுதான் அந்தப் பக்கத்தின் மதிப்பு. சலிக்காமல் அடுத்த லிங்க்கைத் தொடர்வதற்கான வாய்ப்பை அவர்கள் பெரும்பாலும் 0.85 என்று வைத்துக்கொண்டார்கள். இன்னொரு யோசனையும் சேர்ந்தது. லிங்க் எந்தச் சொற்களின் மீது போடப்பட்டிருக்கிறதோ, அந்தச் சொற்களை அது போய்ச் சேரும் பக்கத்தின் வர்ணனையாக எடுத்துக்கொண்டார்கள்.

இது வேலை செய்தது. ஏன் வேலை செய்தது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அந்தக் கணக்கு எவ்வளவு கெட்டிக்காரத்தனமானதோ, அதே அளவுக்கு அன்றைய வலையின் வெள்ளந்தித்தனமும் காரணம். 1990களில் ஒருவர் தன் பக்கத்தில் லிங்க் கொடுத்தார் என்றால், ‘இதைப் படித்தேன், நன்றாக இருக்கிறது, நீங்களும் போய்ப் பாருங்கள்’ என்று அர்த்தம். அதில் காசு இல்லை. கூகுள் இந்தக் கோடிக்கணக்கான சின்னப் பெருந்தன்மைகளைக் கூட்டிப் பார்த்து, அதிலிருந்து ஒரு வரிசையை எடுத்தது.

எடுத்த நாளிலிருந்து அந்தப் பெருந்தன்மைக்கு விலை வந்துவிட்டது. லிங்க் விற்பனைக்கு வந்தது. ஒருவருக்கொருவர் லிங்க் போட்டுக்கொள்வதற்கென்றே ஆயிரக்கணக்கில் போலித் தளங்கள் முளைத்தன. 2003இல் விளையாட்டாகவும் அரசியலாகவும் ஒன்று நடந்தது. ‘படுதோல்வி’ என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் மீது லிங்க் வைத்து, பலர் சேர்ந்து அதை வெள்ளை மாளிகையின் ஜார்ஜ் புஷ் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தச் சொற்களைத் தேடினால் அமெரிக்க ஜனாதிபதி முதலிடத்தில் வந்தார். அந்தப் பக்கத்தில் அந்தச் சொற்களே கிடையாது. 2007 தொடக்கத்தில்தான் கூகுள் தன் கணக்கைத் திருத்தி இதை அடக்கியது.

வலைப்பதிவுகளின் பின்னூட்டப் பெட்டிகளைக் குப்பை நிரல்கள் லிங்க்குகளால் நிரப்பின. 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ‘நோஃபாலோ’ என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தன. அதை ஒரு லிங்க்கில் போட்டால், ‘இதை நான் பரிந்துரைக்கவில்லை, கணக்கில் எடுக்காதே’ என்று அர்த்தம். 2007 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா வெளியே போகும் தன் லிங்க்குகள் அனைத்திலும் அதைப் போட்டது. உலகத்திலேயே அதிகம் பேர் உழைத்துச் சேர்த்த மேற்கோள் களஞ்சியம், தன் மேற்கோள்களைத் தேடுபொறி எண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. குப்பைக்காரர்களிடமிருந்து தப்பிக்க வேறு வழி இல்லை.

வேட்டையும் ஒளிதலும் மாறி மாறி நடந்தன. 2003 நவம்பரில் கூகுள் செய்த ஒரு மாற்றத்துக்குத் தொழில்காரர்கள் ‘ஃப்ளோரிடா’ என்று பெயர் வைத்தார்கள். கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குச் சில வாரங்கள் முன்பு, சின்னச் சின்ன இணையக் கடைகள் பல ஒரே ராத்திரியில் முதல் பக்கத்திலிருந்து மறைந்தன. தந்திரம் செய்தவர்களோடு செய்யாதவர்களும் அடிபட்டதாகப் புகார் எழுந்தது. மேல்முறையீட்டுக்கு அங்கே நீதிமன்றம் கிடையாது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ், ஜேசி பென்னி என்ற பெரிய அமெரிக்கக் கடை, உடையிலிருந்து தரைவிரிப்பு வரை எல்லாத் தேடலிலும் முதலிடத்தில் வந்த ரகசியத்தை வெளியிட்டது. சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான தளங்களில் அந்தக் கடைக்கு ஆயிரக்கணக்கில் லிங்க்குகள் விதைக்கப்பட்டிருந்தன. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது கடை. கூகுள் அதைக் கீழே தள்ளியது. 2012 ஏப்ரலில் ‘பெங்குவின்’ என்ற மாற்றம், இப்படி விலைக்கு வாங்கிய லிங்க்குகளைக் குறிவைத்து வந்தது.

பெங்குவினுக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. தங்களுக்கு வந்திருக்கும் லிங்க்குகளை நீக்கச் சொல்லி ஜனங்கள் ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் அனுப்பினார்கள். பெரிய தளங்கள் பலவும் வெளியே லிங்க் கொடுப்பதையே குறைத்துக்கொண்டன. எதைப் பார்த்து கூகுள் வரிசை போட்டதோ, அந்தப் பழக்கமே அருகிப்போனது. காட்டில் பூ எங்கே பூக்கிறது என்று பார்த்துத் தேனெடுக்க வந்தவர்களால் பூச்செடிகள் மிதிபட்ட மாதிரி.

எழுத்து இருந்தது, சொல் இல்லை

இந்தக் கூத்தெல்லாம் ஆங்கிலத்தில் நடந்துகொண்டிருந்தபோது தமிழ்ப் பக்கங்கள் எங்கே இருந்தன? வலையில்தான் இருந்தன. உலகில் மிகச் சீக்கிரம் வலைக்கு வந்த மொழிகளில் தமிழும் ஒன்று என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம், அதில் நியாயம் உண்டு. ஆனால் தேடுபொறிக்கு அந்தப் பக்கங்கள் தமிழ் என்றே தெரியாது.

அன்றைய தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. ஈழத்திலும் புலம்பெயர்ந்தவர்களிடமும் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ‘அம்மா’ என்று தட்டினால், கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கிலத்தின் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியாக எச். பாமினி இருக்கும் கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் கிறுக்கல். எழுத்துருவைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் குறிகளை மட்டும் பார்க்கும் தேடுபொறிக்கு, நடுவில் நிறுத்தற்குறி செருகப்பட்ட அர்த்தமற்ற ஆங்கிலம். வெள்ளையில் வெள்ளை எழுத்து எழுதியவர்கள் மனிதருக்குத் தெரியாததை இயந்திரத்துக்குக் காட்டினார்கள். நாம் மனிதருக்குத் தெரிவதை இயந்திரத்துக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டிருந்தோம்.

ஒரே ஒரு எழுத்துரு என்றால்கூடச் சமாளித்திருக்கலாம். ஆளுக்கு ஒன்று இருந்தது. பத்திரிகைகள் தங்களுக்கென்று தனித்தனி எழுத்துரு வைத்திருந்தன. இதை ஒழுங்குபடுத்த இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் 1990களின் கடைசியில் டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியீடுகளை அறிவித்தது. ஆக, தரப்படுத்த வந்தவையே ஒன்றுக்கு மேல். 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து பாரதி வரை தன்னார்வலர்களின் கையால் தட்டச்சிட்டு ஏற்றியது. அந்த உழைப்புக்கும் இதே கதிதான். நூல் வலையில் இருக்கும், அதில் ஒரு வரியைத் தேடுபொறியில் தேடினால் வராது. முகவரி தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும்.

யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் இருந்தது. இடம் இருந்து என்ன செய்ய, கணினியில் வர வேண்டுமே. விண்டோஸ் 2000இல்தான் லதா எழுத்துருவோடு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில், அமைப்புகளுக்குள் போய்ச் சிக்கலான வரிவடிவங்களுக்கான ஆதரவை நிறுவ வேண்டும். அதற்கு விண்டோஸ் குறுவட்டைக் கேட்கும். ப்ரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கும் ஆள் குறுவட்டுக்கு எங்கே போவான்? திரை பூராவும் பெட்டி பெட்டியாகத் தெரியும், மூடிவிட்டுப் போய்விடுவான்.

2003, 2004 வாக்கில் காற்று மாறியது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. இலவச வலைப்பதிவுச் சேவைகளில் யூனிகோடில் எழுத ஆரம்பித்தார்கள். அங்கலாய்ப்பு, சண்டை, சமையல், சினிமா, கவிதை எல்லாம் எழுதினார்கள். 2004இல் தமிழ்மணம் அந்தப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டியது. வலைப்பதிவின் ஓரத்தில் ‘நான் வாசிப்பவை’ என்று நண்பர்களின் பதிவுகளுக்கு லிங்க் போட்டு வைப்பது அன்றைய மரியாதை. பேஜும் பிரின்னும் நம்பிய அந்த வெள்ளந்தியான வலை, ஆங்கிலத்தில் சந்தையாகிவிட்ட பிறகு, தமிழில் தாமதமாகப் பூத்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின்போது.

இடைப்பட்ட வருடங்களில் எழுதப்பட்டவை என்ன ஆயின? சிலவற்றை யாரோ பொறுமையாக யூனிகோடுக்கு மாற்றினார்கள். மதுரைத் திட்டம் அப்படி மாறிப் பிழைத்தது. மாற்ற ஆளில்லாத தளங்கள் அப்படியே கிடந்து, காசு கட்டாமல் முகவரி காலாவதியாகிப் போயின. இலவச இடம் தந்த ஜியோசிட்டீஸை 2009இல் யாஹூ மூடியபோது அதிலிருந்த பக்கங்களும் போயின. தேடிக் கிடைக்காத பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, யாரும் பார்க்காத பக்கத்தைக் காப்பாற்றவும் யாருக்கும் தோன்றுவதில்லை.

முழுக்கத் தீர்ந்த பிரச்சினையும் அல்ல இது. ‘ஔவை’ என்பதை ஔ என்ற ஒரே எழுத்தாகவும் எழுதலாம், ஒகரத்துக்குப் பக்கத்தில் ளகரத்தை வைத்து ‘ஒளவை’ என்றும் தட்டலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே பாட்டிதான். எழுத்துக்கு எழுத்து பார்க்கும் இயந்திரத்துக்கு இரண்டு வேறு ஆட்கள். மதுரை என்ற சொல்லை நாம் மதுரைக்கு, மதுரையில், மதுரையிலிருந்தும் என்று நீட்டிக்கொண்டே போவோம். ஆங்கிலத்துக்கு எழுதிய கணக்கு இதில் தடுமாறும். ஆயிரக்கணக்கான அரிய நூல்கள் இன்று ஸ்கேன் செய்த படங்களாக இணைய நூலகங்களில் இருக்கின்றன. அழியாமல் காத்தது மாபெரும் காரியம். ஆனால் படத்துக்குள் இருக்கும் சொல், எழுத்துணர்த்தி படித்துத் தரும் வரைக்கும் சொல் இல்லை.

கேள்விக்கு எழுதப்பட்ட பதில்கள்

மறுபடி ஆங்கிலத்துக்குப் போவோம், ஏனென்றால் அடுத்த கட்டம் எழுத்தையே தொட்டது. இதுவரை வேடம் பக்கத்துக்குத்தான். 2000களின் பிற்பகுதியில் டிமாண்ட் மீடியா என்ற நிறுவனம் கணக்கைத் திருப்பிப் போட்டது. எதையோ எழுதிவிட்டு ஆள் வருவார்களா என்று ஏன் காத்திருக்க வேண்டும்? ஜனங்கள் எதைத் தேடுகிறார்கள், அந்தச் சொல்லுக்கு விளம்பர விலை என்ன என்று பார்த்து, நிரலே தலைப்பை முடிவு செய்யும். வெளியாட்கள் எழுதித் தருவார்கள். ஒரு கட்டுரைக்குச் சுமார் 15 டாலர். எதைச் செய்வது எப்படி என்ற கட்டுரைகள் லட்சக்கணக்கில் விளைந்தன. 2011 ஜனவரியில் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது, சந்தை மதிப்பில் நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தையே தாண்டியது.

அடுத்த மாதமே கூகுள் ‘பாண்டா’ என்ற மாற்றத்தை விட்டது. கரடியின் பெயர் இல்லை, நவ்னீத் பாண்டா என்ற பொறியாளரின் பெயர். அமெரிக்கத் தேடல்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 12ஐ அது பாதித்ததாக கூகுள் சொன்னது. அந்தக் கட்டுரைப் பண்ணைகள் சரிந்தன. ஆனால் அவர்கள் கண்டுபிடித்த முறை சாகவில்லை, எல்லோரிடமும் பரவிவிட்டது.

பழைய பத்திரிகை ஆசிரியர் தலைப்பு வைக்கும்போது ஒரு சிலேடை, ஒரு எதுகை, ஒரு குறும்பு வைப்பார். பக்கத்தில் படம் இருக்கும், கீழே செய்தி இருக்கும், வாசகர் புரிந்துகொள்வார். தேடுபொறிக்குக் குறும்பு புரியாது. 2006லேயே நியூயார்க் டைம்ஸில் ஸ்டீவ் லோர் இதைப் பற்றி எழுதினார், அந்தக் கட்டுரையின் தலைப்பே கூகுளுக்காக வைத்த சலிப்பான தலைப்பு இது என்ற பொருளில் இருந்தது. இன்று தமிழ்ச் செய்தித் தளங்களில் ‘என்ன நடந்தது? முழு விவரம் இதோ’ என்று முடியும் தலைப்புகளைப் பார்க்கிறோமே, அது இந்தப் பரம்பரைதான். சாம்பார் செய்முறையைத் தேடிப் போனால், முதலில் சாம்பாரின் வரலாறு, பிறகு ‘சாம்பார் என்றால் என்ன?’, பிறகு ‘சாம்பார் சாப்பிட்டால் என்ன நன்மை?’ எல்லாம் தாண்டி விரல் வலித்த பிறகுதான் பருப்பு வேகும். எழுதினவருக்கு நம் மேல் கோபம் ஒன்றும் இல்லை. நீளமாக, கேள்வி பதிலாக எழுதினால் மேலே வரும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நியாயமாகச் சொன்னால், நல்லதும் நடந்தது. 2010இல் பக்கம் வேகமாகத் திறப்பதையும் வரிசைக்குக் கணக்கில் எடுக்க ஆரம்பித்தார்கள். 2015 ஏப்ரலில், கைபேசியில் படிக்க வசதியான பக்கங்களுக்கு, கைபேசித் தேடலில் முன்னுரிமை தந்தார்கள். மெதுவான இணைப்பில், சின்னத் திரையில் படிக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. படங்களுக்கு விவரக்குறிப்பு எழுது, தலைப்பைத் தலைப்பாகவே குறி என்று தேடுபொறிக்காகச் சொல்லப்பட்ட பல விதிகள், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களுக்கும் உதவின. அதுவும் கண் இல்லாமல் படிக்கிறது, இதுவும் கண் இல்லாமல் படிக்கிறது. ஒன்றுக்கு வழி செய்தால் மற்றதுக்கும் வழி கிடைக்கிறது.

வாசலில் நிற்பவர்

1998 ஆய்வுக்கட்டுரையின் பிற்சேர்க்கையில் பேஜும் பிரின்னும் ஒரு எச்சரிக்கை எழுதியிருந்தார்கள். விளம்பரத்தில் வாழும் தேடுபொறி, தேடுகிறவரைவிட விளம்பரதாரர் பக்கம்தான் சாயும் என்பது அதன் கருத்து. இரண்டு வருடம் கழித்து அவர்களே விளம்பரம் விற்க ஆரம்பித்தார்கள். 2024 ஆகஸ்ட்டில் வாஷிங்டனில் நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்திருக்கிறது என்று தீர்ப்பளித்தார். உலாவிகளிலும் கைபேசிகளிலும் தானே முதல் தேர்வாக இருப்பதற்காக 2021இல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது அந்த வழக்கில் வெளிவந்தது. எல்லோரும் கூகுளின் கண்ணில் பட முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது, கூகுள் நம் கண்ணில் படுவதற்குக் கொடுத்த விலை அது.

அதே 2024 மே மாதம் அமெரிக்காவில் தேடல் விடைகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் வர ஆரம்பித்தது. பல பக்கங்களைப் படித்து அதுவே பதிலைச் சொல்லிவிடும். முதலிடத்துக்கு முப்பது வருடம் சண்டை போட்டோம், இப்போது முதலிடமே ஒரு மாடி கீழே இறங்கிவிட்டது. பதில் கிடைத்தவர் எதற்குப் பக்கத்துக்கு வர வேண்டும்? வராவிட்டால் எழுதியவர் எதற்கு எழுத வேண்டும்? இந்தக் கேள்வி ஆங்கிலச் செய்தி நிறுவனங்களை இன்று உலுக்கிக்கொண்டிருக்கிறது.

தமிழில் நம் கேள்வி கொஞ்சம் வேறு. இலக்கிய இணைய இதழ்களைத் தேடுபொறிக்காக யாரும் நடத்துவதில்லை, நடத்தவும் முடியாது. ஆனால் இருபது வயதில் ஒருவர் ஒரு எழுத்தாளரின் பெயரை முதன்முதலாகத் தட்டும்போது, அவருக்கு என்ன கிடைக்கிறது என்பது நம் பொறுப்பும்தான். பிறந்தநாள் வாழ்த்துப் படமும் நகலெடுத்த வாழ்க்கைக் குறிப்பும் மட்டும் கிடைத்தால், அவர் அதோடு போய்விடுவார். அந்த எழுத்தாளரைப் பற்றி இருபது வருடமாகப் பல இதழ்களில் வந்த நல்ல கட்டுரைகள் எங்கோ ஆழத்தில் இருக்கும். ‘நிழலின் நிறம்’ என்று கவித்துவமாகத் தலைப்பு வைத்து, உள்ளே எழுத்தாளரின் பெயரை இனிஷியலால் மட்டும் குறித்திருந்தால், அந்தக் கட்டுரை அவருக்குக் கிடைக்கப்போவதில்லை. அந்தத் தலைப்பை எடுக்க வேண்டியதில்லை. கீழே ஒரு வரியில், யாருடைய எந்த நாவலைப் பற்றியது, அது எந்த வருடம் வந்தது என்று முழுப்பெயரோடு எழுதினால் போதும். கவிதையைப் படமாகப் போடுகிறவர்கள் பக்கத்திலேயே எழுத்தாகவும் போடலாம். இவை தந்திரங்கள் அல்ல. புத்தகத்தின் முதுகில் பெயர் அச்சிடுவது மாதிரி.

லிங்க்கைத்தான் நாம் அதிகம் தொலைத்துவிட்டோம். ஒரு கட்டுரையில் ‘முன்பே சிலர் சுட்டிக்காட்டியதுபோல’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். யார் அந்தச் சிலர், எங்கே எழுதினார்கள் என்று ஒரு சுட்டி கொடுப்பதில்லை. இன்னொரு இதழுக்கு வாசகர் போய்விடுவாரோ என்ற தயக்கம் இருக்கலாம், வெறும் சோம்பலாகவும் இருக்கலாம். 2004இல் பதிவெழுத வந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. யூனிகோடு தடுமாறும் கணினியில், மாதக் கடைசியில் ப்ரவுசிங் சென்டருக்குக் காசு கொடுத்து எழுதியவர்கள், இன்னொருத்தர் பதிவுக்கு வழி சொல்ல நேரம் ஒதுக்கினார்கள். அந்த வழிகளைப் பிடித்துத்தான் அப்போது நம்மில் பலர் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போனோம், கூகுளில் எதைத் தட்டுவது என்றே தெரியாத விஷயங்களைப் படித்தோம். அடுத்த கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால், அதை எழுதப் படித்தவற்றில் இரண்டுக்காவது லிங்க் கொடுத்துப் பாருங்கள்.